கொசுறுக்கு ஏது எடை?

போன மாதக் கடைசியில் ஒரு மதியம், திருச்சி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு வாசலில், கையில் ஒரு மரவள்ளிக்கிழங்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

அரைக் கிலோ இருக்கும். நல்ல கிழங்கு. தோலில் ஒரு கீறல் கிடையாது.

பக்கத்தில் மினிவேன் டிரைவர் செல்வம். அவருடைய இரண்டு கையிலும் கிழங்கு. எங்கள் காலடியில் ஒரு சாக்கு — அதில் பாதிக்கு மேல் கிழங்கு. அந்த வழியாகப் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, “கிலோ என்ன வெல?” என்று கேட்டார்.

“இது விக்கிறதுக்கு இல்லீங்க” என்றார் செல்வம்.

“அப்புறம் எதுக்கு?”

செல்வம் என்னைப் பார்த்தார். நான் கிழங்கைப் பார்த்தேன். என்னவென்று சொல்வது?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஜெயராணியிலிருந்து தொடங்க வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எந்தப் பொருளுக்கு எந்தப் பேப்பர், எந்த மேஜையில் யார் கையெழுத்து என்பதெல்லாம் அத்துபடி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அக்கம்பக்கத்து விவசாயிகளைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். சில வருஷம் பலாப்பழமும் முருங்கைக்காயும் மற்ற ஏற்றுமதியாளர்களுக்குச் சேகரித்துக் கொடுத்தார். இந்த முறைதான் முதன்முதலாக நேரடியாக ஒரு வெளிநாட்டு ஆர்டர்.

வளைகுடாவில் ஒரு பெரிய காய்கறிக் கடை. கேரளக்காரர்கள் அதிகம் வந்து போகிற இடம். அவர்களுக்கு மீன்குழம்போடு மரவள்ளி வேண்டும். நம் ஊரில் மரவள்ளி இருக்கிறது. நடுவில் கடல் மட்டும்தான் இருக்கிறது.

“சார், கெழங்கு பிளைட் ஏறப் போகுது. வந்து பாருங்க, எழுதுறதுக்கு ஏதாச்சும் கெடைக்கும்” என்று போன் செய்தார்.

கிடைத்தது.

முதல் லோடு பாக்கியத்தின் கொல்லையிலிருந்து. மானாவாரிப் புன்செய்யை எங்கள் பக்கம் கொல்லை என்றுதான் சொல்வோம். பாக்கியத்துக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் கருப்பையா அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்துப் பாக்கியம் பேசிவிடுவார் என்பதால் வீட்டில் ஒன்றும் குறைவில்லை.

இந்த ஆர்டருக்காகப் பாக்கியம் ஒரு காரியம் செய்திருந்தார். வழக்கமாக ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு எடுக்கும் லாரி வந்து நின்றபோது, “இந்த வருசம் குடுக்கலங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், வந்த லாரியைத் திருப்பினால் ஆலையின் ஏஜென்ட் அடுத்து எட்டிப் பார்க்க மாட்டார். ஆலைக்காரர் தருவது அடிமாட்டு விலைதான் என்றாலும், கொல்லை மொத்தத்தையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போவார். ஜெயராணியின் வெளிநாட்டு வியாபாரம் சரியாக வரவில்லையென்றால் அந்தக் கிழங்கு முழுவதும் மண்ணுக்குள்ளேயே முற்றி நாராகிவிடும்.

மண்ணுக்கு மேலே வந்தால் இன்னும் மோசம். பிடுங்கிய மரவள்ளிக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். வெளியே பார்த்தால் அப்படியே இருக்கும். வெட்டினால் உள்ளே நீலமாக ஒரு கோடு ஓடியிருக்கும். அதன் பிறகு மாட்டுக்குத்தான்.

ஆகவே அதிகாலையில் பிடுங்கி, அலசி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் அடுக்கி, அன்று சாயங்கால விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பது திட்டம்.

போர்வெல் மோட்டார் ரூம் நிழலில் தார்ப்பாய் விரித்து வேலை நடந்தது. ஐந்தாறு பெண்கள். ஜெயராணி ஒரு வாத்தியார் மாதிரி நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு பொட்டு மண்ணுகூட ஒட்டியிருக்கக் கூடாதுக்கா. இருந்தா அங்கிட்டு எறக்காமயே திருப்பிருவாங்க.”

“நம்ம மண்ணு அம்புட்டு மோசமா?” என்றார் பாக்கியம்.

“மோசமில்லக்கா. வேற ஊரு மண்ணு உள்ள வந்தா அதோட பூச்சி புழுவும் வந்துருமோன்னு அவங்களுக்குப் பயம்.”

சின்னப்பொண்ணு என்பவர் பாக்கியத்தின் கொழுந்தன் மனைவி. வாய் சும்மா இருக்காது. கிழங்கைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே பாக்கியத்தைக் காட்டி, “எங்க அக்கா கல்யாணத்தன்னிக்கிக்கூட இப்பிடித் தேச்சுக் குளிக்கலயே!” என்றார்.

“நீ ஒம் புருசனத் தேச்சு ஊத்து. அவன் கழுத்துல இருக்குற அழுக்குக்கே அவன வெளிநாட்டுல எறக்க மாட்டாக” என்று பாக்கியம் திருப்பிக் கொடுத்தார்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் கை நிற்கவில்லை. சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தார்கள். காம்பை இரண்டு விரல் விட்டு அறுத்தார்கள். நுனி ஒடிந்ததைத் தள்ளினார்கள். மிகப் பருத்ததையும் ஒல்லியானதையும் ஒதுக்கினார்கள். எலெக்ட்ரானிக் தராசில் பெட்டியை வைத்து, பத்துக் கிலோ என்று எண் வந்ததும் சின்னப்பொண்ணு இறக்குவார். பாக்கியம் மூடியை மடக்கி டேப் ஒட்டுவார்.

இறக்குவதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் ஒன்று நடந்தது. அதை நானும் பார்த்தேன். ஜெயராணியும் பார்த்தார். கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. வீட்டுக்கு வருகிற ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினாரா என்று யாராவது கவனித்துக்கொண்டிருப்பார்களா? அதுபோல.

வேன் திருச்சிக்குக் கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன்.

சரக்குப் பிரிவில் முதலில் எடை. அது சரியாக இருந்தால்தான் மண், பூச்சி பார்க்கிற அடுத்த மேஜைக்குப் போக முடியும். எடைக்கருவி அருகே மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. முதல் பெட்டியை வைத்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“பெட்டிக்கு எவ்வளவும்மா போட்டிருக்கீங்க?”

“பத்து சார். அட்டைப் பெட்டி எடை தனி.”

“அதச் சேத்தும் கூடுதே... அடுத்தத வைங்க.”

அடுத்ததும் கூடியது. அதற்கடுத்ததும்.

“ஒண்ணு ரெண்டு கூடுனா கை தவறுச்சுன்னு விடலாம். எல்லாமே கூடுதே. உள்ள வேற என்ன வச்சிருக்கீங்க?”

அவர் கேட்டதில் தப்பில்லை. இருபது வருஷம் செய்தித்தாளில் இருந்தவன் என்பதால் எனக்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். காகிதத்தில் சொன்னதைவிட அதிகமாக ஒரு பெட்டிக்குள் இருந்தால், அது நல்ல விஷயமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஜெயராணியின் முகம் வெளுத்துவிட்டது. பேப்பரை மாற்ற வேண்டுமென்றால் நாளைக்குத்தான் முடியும். இன்றைய விமானத்தில் கிடைத்த இடத்தை விட்டால் அடுத்த இடம் மூன்று நாள் கழித்து. மூன்று நாளில் கிழங்குக்குள் நீலக் கோடு ஓடிவிடும். ஆர்டரும் ஓடிவிடும்.

“தெறந்து காட்டுங்க” என்றார் அதிகாரி.

டேப்பைக் கிழித்துத் திறந்தோம். உள்ளே எல்லாக் கிழங்கும் நீளவாக்கில் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே ஒன்று மட்டும் குறுக்கே.

இன்னொரு பெட்டி. அதிலும் குறுக்கே ஒன்று.

ஜெயராணி போனை எடுத்தார். அதிகாரிக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, பெட்டியெல்லாம் எடை கூடுது. மேல ஒரு கெழங்கு தனியாக் கெடக்கே, அது என்னக்கா?”

“எது... குறுக்க கெடக்கே, அதுவா? அது கொசுறு.”

“அத நிறுக்கலியா?”

“கொசுற யாராச்சும் நிறுப்பாகளா? என்ன புள்ள இப்பிடிக் கேக்குற?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கும்படி அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“அங்கிட்டு யாரு பக்கத்துல?”

“ஆபீசர்க்கா.”

“அவருக்கு ஒரு நாலு கெழங்கு குடு. மாவாட்டம் வேகும்னு சொல்லு...”

ஜெயராணி அவசரமாகப் போனை அணைத்தார். அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: “கொசுற எடுத்துட்டு, ஒட்டிக் கொண்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

அப்படித்தான் நான் அந்த வாசலில் கிழங்கும் கையுமாக நின்றேன். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, குறுக்கே கிடந்ததை எடுத்து, மறுபடி ஒட்டினோம். பந்தியில் உட்கார்ந்தவர் இலையிலிருந்து வடையைத் திரும்ப எடுப்பது போல இருந்தது. செல்வம் மட்டும், “எவ்வளவு நல்ல கெழங்கு சார்... இருக்குறதுலயே நல்லதப் பாத்துல்ல கொசுறாப் போட்டிருக்காக” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மைதான். நம் கடைகளில் கொசுறு என்றால் வாடின கறிவேப்பிலை. பாக்கியத்தின் கொசுறு அந்தப் பெட்டியிலேயே சிறந்த கிழங்கு.

எடை சரியாயிற்று. அடுத்த மேஜையில் ஒரு துளி மண் கிடைக்கவில்லை. லோடு ஏறியது. எடுத்த கொசுறைச் சுமை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்தோம். அதிகாரி மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் ஒன்று தோன்றியது. உலக வர்த்தகத்துக்கு நம் கிழங்கு புரிகிறது. அதன் சுத்தம் புரிகிறது. அளவு புரிகிறது. தாராளம் மட்டும் புரிவதில்லை. குறைந்தால் மோசடி. கூடினால்... அதுவும் மோசடியாக இருக்குமோ என்கிற சந்தேகம்.

நான்கு நாள் கழித்து நல்ல சேதி வந்தது. கிழங்கு அங்கே இறங்கிய அன்றே விற்றுவிட்டது. வாரம் ஒரு லோடு, பாக்கியத்தின் கொல்லை முடியும் வரை. ஒரே நிபந்தனை — எடை சொன்னபடி இருக்க வேண்டும்.

இதைப் பாக்கியத்திடம் எப்படிச் சொல்வது என்று ஜெயராணி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது லோடு அன்று காலை, கிழங்கெல்லாம் பிடுங்கி அலசியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அக்கா... இனிமே கொசுறு வேணாங்கா. பத்துன்னா பத்துதான்.”

பாக்கியம் நிமிர்ந்தார். “போன தடவ போட்டதெல்லாம்?”

“எடுத்துட்டோம்க்கா.”

“அம்புட்டையுமா?”

ஜெயராணி தலையாட்டினார்.

பாக்கியம் டேப்பைக் கீழே வைத்தார். கோபமில்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்று. “அப்ப நீ வேற ஆளப் பாத்துக்க தாயி. கெழங்கு வேணும்னா எடுத்துக்க. நான் பொட்டி கட்டல.”

மற்றப் பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். தார்ப்பாயில் ஈரம் காய்ந்துகொண்டிருந்த கிழங்கு. கொல்லை ஓரத்தில் வேன். இவர்கள் கட்டாவிட்டால் கட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

“அக்கா, அந்தாளுக்கு ஒங்க மொகமே தெரியாது. கொசுறுன்னாலே அங்க யாருக்கும் தெரியாது.”

“தெரியாதவுகளுக்குத்தான் போடணும். தெரிஞ்சவுக கேட்டு வாங்கிக்கிருவாக.”

“பத்துக் கிலோ கேட்டாங்க. பத்துக் கிலோ குடுக்குறோம். இதுல என்னக்கா குத்தம்?”

“நான் கந்தர்வக்கோட்டைச் சந்தையில ஒக்காந்து யாவாரம் பாத்தவ. எடைய மட்டும் போட்டு நிறுத்திக்கிட்டா என்ன அர்த்தம் தெரியுமா? ஒனக்கும் எனக்கும் இன்னியோட தீந்துச்சுன்னு அர்த்தம். நீதான வாரா வாரம்ங்கிற? வாரா வாரம் வாங்குறவுக கிட்ட மொத வாரமே தீந்துச்சுன்னு சொல்லச் சொல்றியா?”

ஜெயராணி வேனைத் திரும்பிப் பார்த்தார்.

சின்னப்பொண்ணுதான் புகுந்தார். “ஏக்கா, இதுக்குப் போயி மல்லுக்கட்டிக்கிட்டு... ஒம்பதர நிறுத்து எறக்குவோம். அரக் கிலோவ மேல போடு. ஒனக்குக் கொசுறு ஆச்சு. இந்தப் புள்ளைக்குப் பத்து ஆச்சு.”

ஜெயராணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் ஆகா என்றிருந்தது. எவ்வளவு சுலபம்!

பாக்கியம் சின்னப்பொண்ணை மேலும் கீழும் பார்த்தார். “பத்துக்குக் காசு வாங்கிக்கிட்டு ஒம்பதரையப் போட்டு, மிச்சத்தக் கொசுறும்பியா? அதுக்குப் பேரு வேற. எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து எம்புட்டு வருசமாச்சு... இன்னமும் ஒம் பொறந்த வீட்டுப் புத்தி போகல.”

“எங்க வீட்டுல தராசே கெடையாதுக்கா. அள்ளி அள்ளிக் குடுத்துத்தான ஒங்க வீட்டுல வாக்கப்படுற நெலமைக்கு வந்தோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியமும். ஆனால் டேப்பை எடுக்கவில்லை.

ஒரு நிமிஷம், சூப்பர் மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஷாம்பூ பாட்டிலில் ‘கூடுதலாக இலவசம்’ என்று ஒரு பட்டை. பிஸ்கட்டில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று’. அந்த ‘ஒன்று’ ஏற்கெனவே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போகிறோம். சின்னப்பொண்ணு சொன்னதும் அதே யோசனைதான். என்ன, இதைச் சொல்வதற்காகப் பெரிய கம்பெனிகள் ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. சின்னப்பொண்ணு இலவசமாகச் சொன்னார்.

ஜெயராணி கொஞ்சம் தள்ளிப் போய் நின்று யோசித்தார். பேப்பர் இன்னும் போடவில்லை. திருச்சியில் சரக்கு ஏஜென்ட் அலுவலகம் திறக்க நேரம் இருக்கிறது. வளைகுடாக் கடைக்காரருக்கே போன் போட்டார். பெட்டிக்கு விலை பழைய விலைதான், ஆனால் எடை பத்தரை என்று எழுதலாமா? அரைக் கிலோவுக்குக் காசு வேண்டாம்.

எதிர்முனையில் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் வேண்டாம்? கிழங்கில் ஏதாவது கோளாறா? பழைய சரக்கா? சும்மா கொடுக்கிறோம் என்று ஒருவரை நம்பவைப்பதற்கு, விலை பேசுவதைவிட அதிக நேரம் ஆகிறது. ஜெயராணி கொல்லைக்குள் அங்குமிங்கும் நடந்தபடி பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் சிரித்தபடி வந்தார்.

“ஒத்துக்கிட்டாரு. ஆனா எல்லாப் பெட்டியிலயும் கொசுறு ஒரே மாதிரி இருக்கணுமாம். கூடக் கொறைய இருக்கக் கூடாதாம்.”

“கொசுறுக்கு அளவா!” என்று வாயில் கை வைத்தார் பாக்கியம்.

“இன்னொண்ணுக்கா. பிளைட்டுல கிலோவுக்கு இவ்வளவுன்னு வாடகை. கொசுறுக்கும் சேத்துத்தான். கெழங்கு வெலையவிட அதோட டிக்கெட்டு கூட. அத யாரு குடுக்குறது?”

பாக்கியம் வாயைத் திறப்பதற்குள், கொஞ்சம் தள்ளி, அடுத்த நடவுக்கான மரவள்ளிக் குச்சியைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த கருப்பையா தலையைத் தூக்கினார்.

“எங்க பங்குல பிடிச்சுக்கத்தா.”

அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். பாக்கியம் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்தார்.

வேலை மறுபடி தொடங்கியது. பத்துக் கிலோ வந்ததும் சின்னப்பொண்ணு பெட்டியை இறக்கினார். பாக்கியம் ஒரு கிழங்கைப் பொறுக்கி எடுத்து, ஏதோ கூச்சப்படுகிற காரியம் செய்வது போல, அதைத் தனியாகத் தராசில் வைத்தார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

“கொசுறயும் நிறுக்க வச்சுட்டாளே பாவி...”

“அக்கா, நூறு கிராம் கூடுது” என்றார் ஜெயராணி.

“இருக்கட்டும்.”

“அளவு சொல்லியிருக்காருக்கா. அரைக் கிலோன்னா அரைக் கிலோதான்.”

“அரக் கிலோ கொசுறு. மிச்சம் கொசுறுக்குக் கொசுறு.”

ஜெயராணி பெட்டிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பெட்டி ஒட்டும்வரை எழுந்திருக்கவில்லை. சரியாக அரைக் கிலோ வருகிற கிழங்கைத் தேடுவதிலேயே பாதி நேரம் போயிற்று. ஆனாலும் அன்று சாயங்காலம் லோடு ஏறியது. அதிகாரி எடையைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, “பத்தரையா?” என்று மட்டும் கேட்டாராம்.

மூன்றாவது லோடுக்கு, கொசுறுக்குக் கொசுறையும் சேர்த்துப் பத்தே முக்கால் என்று எழுதிவிடலாமா என ஜெயராணி யோசித்துக்கொண்டிருக்கிறார் — தயவுசெய்து யாரும் பாக்கியத்திடம் சொல்லிவிடாதீர்கள், பதினொன்று ஆக்கிவிடுவார்.